யார் செய்த பாவத்துக்கு யார் நோன்பிருப்பது? திருச்சபைப் புதுப்பித்தலும் கூட்டு நோன்பும்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றுத் தொடங்கும் தவக்காலத்தில், தமிழகத்தின் கத்தோலிக்கப் பங்குகளில் கூட்டு நோன்பும் மன்றாட்டும் நடைபெறுவது வழக்கம். குடும்பங்களுக்காக, நாட்டின் அமைதிக்காக, திருச்சபையின் புதுப்பித்தலுக்காக என மன்றாட்டுக் கருத்துகள் வாசிக்கப்படுகின்றன. மக்கள் உணவை விடுத்து முழந்தாளிட்டு வேண்டுகின்றனர். திருச்சபை ஏற்றுப் போற்றும் நோன்பு இது.

2008ஆம் ஆண்டின் தவக்காலத்தில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய இறையூரில் வேறொரு நோன்பு நடந்தது. அவ்வூரின் தலித் கத்தோலிக்கர்கள், தாங்கள் எழுப்பிய சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டுமெனக் கோரி உண்ணாநிலையில் அமர்ந்தனர். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறான மார்ச் 9 அன்று அவர்களது குடியிருப்பு தாக்கப்பட்டது. தாக்கியோர் அதே ஊரின் வன்னியக் கத்தோலிக்கர்கள். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் இருவர் உயிரிழந்தனர். தாக்கப்பட்டோரும், தாக்கியோரும், உயிரிழந்தோரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே தவக்காலத்தைக் கடைப்பிடித்தவர்கள்.

முதல் நோன்பைத் திருச்சபை வழிபாடு என்கிறது. இரண்டாவதைச் சட்டம் ஒழுங்குச் சிக்கல் என்றே நிர்வாகங்கள் பார்த்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, திருச்சபையின் புதுப்பித்தலுக்கான கூட்டு நோன்பு என்பது என்ன, அதன் வேர்கள் எவை, அண்மைக் காலத்தில் அது எவ்வாறு கையாளப்பட்டது, சாதி என்னும் பாவத்தின் முன் அது என்னவாகிறது ஆகியவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். கிறித்தவரல்லாத தோழர்களுக்கும் பயன்படும் வகையில் அடிப்படைச் செய்திகளிலிருந்தே தொடங்குகிறோம்.

சட்டமும் சொல்லும்

நோன்பு குறித்த கத்தோலிக்கத் திருச்சபையின் விதிகள் சுருக்கமானவை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1249 முதல் 1253 வரையிலான பிரிவுகள் இதற்குரியவை. ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவக்காலமும் ஒறுத்தலுக்குரிய காலங்கள். திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாட்களில் நோன்பும் இறைச்சி தவிர்த்தலும் கடமை. 14 வயது நிறைந்தோர் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். 18 வயது நிறைந்தோர் 59 வயது நிறையும்வரை நோன்பிருக்க வேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரியில் வெளியிட்ட ஆணையே இவ்விதிகளுக்கு அடிப்படை.

இவற்றுள் நாம் கவனிக்க வேண்டியது 1249ஆம் பிரிவு. ஒவ்வொருவரும் தத்தமக்குரிய முறையில் தவம் செய்யக் கடமைப்பட்டவர்கள். எனினும் எல்லாரும் ஒன்றுபட்டுத் தவம் செய்வதற்காகவே பொதுவான நாட்கள் குறிக்கப்படுகின்றன என்று அது காரணம் கூறுகிறது. தவக்கால ஒறுத்தல் உள்ளத்தளவில், தனிமனிதர் அளவில் நின்றுவிடாமல், வெளிப்படையானதாகவும் சமூகத் தன்மை உடையதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே தனது திருவழிபாட்டு ஏட்டில் வலியுறுத்தியது. எனவே, நோன்பைச் சமூகச் சிக்கலோடு இணைப்பது வெளியிலிருந்து வந்த அரசியல் என்ற வாதம் திருச்சபையின் சொந்தச் சட்டத்துக்கே முரணானது.

தமிழகக் கத்தோலிக்கர் நோன்புக்கு வழங்கிய பழஞ்சொற்கள் இரண்டு. ஒருவேளை மட்டும் உண்டிருப்பதை ஒருசந்தி என்றனர். இறைச்சி தவிர்ப்பதைச் சுத்தபோசனம் என்றனர். உரோமை விதியில் இறைச்சி அசுத்தமானது என்ற கருத்தே கிடையாது. இறைச்சி நல்லுணவு, விருந்துணவு. நல்லதை விட்டுக்கொடுப்பதால்தான் அது ஒறுத்தலாகிறது. உணவு எதுவும் மனிதரைத் தீட்டுப்படுத்துவதில்லை என்பதே நற்செய்தியின் நிலைப்பாடு. தமிழ் மண்ணிலோ மரக்கறி சுத்தமாயிற்று. அதன் மறுபக்கமாக, மாட்டிறைச்சி உண்போர் ஆண்டு முழுதும் அசுத்தர் என்ற சாதிய உள்ளுணர்வு, திருச்சபைச் சொல்லின் போர்வைக்குள் பாதுகாப்பாக இடம்பெற்றது. இன்று அச்சொல்லின் வழக்கு அருகிவிட்டது. எனினும், தூய்மை தீட்டு என்னும் இலக்கணம் நோன்பு என்னும் பக்திச் செயலுக்குள்ளேயே எவ்வாறு நுழைந்திருந்தது என்பதற்கு அச்சொல்லே சான்று.

விவிலியத்தின் அளவுகோல்

கூட்டு நோன்பின் வேர்கள் எபிரேய மறைநூலில் உள்ளன. இறைவாக்கினர் யோவேல் ஊர் முழுவதையும், முதியோர் முதல் பால்குடிக்கும் குழந்தைகள்வரை, நோன்புக்கு அழைக்கிறார். குருக்களும் அழுது மன்றாட வேண்டும் என்கிறார். இப்பகுதியே இன்றும் திருநீற்றுப் புதன் திருப்பலியில் முதல் வாசகம்.

யோனா நூலில் நினிவே நகரம் நோன்பிருக்கிறது. அங்கே அரசன் முதலில் அரியணையைவிட்டு இறங்குகிறான். அரச உடையைக் களைந்து சாம்பலில் அமர்கிறான். பின்னரே மக்களுக்கு நோன்பை அறிவிக்கிறான். அந்த அறிவிப்பும் உணவோடு முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள வன்முறையை விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. கடவுள் கண்ணுற்றது அவர்களின் சாக்கு உடையை அன்று, அவர்கள் தீய வழியிலிருந்து திரும்பியதை என்று அந்நூல் தெளிவுறக் கூறுகிறது.

நெகேமியா நூல் காட்டும் வரிசையும் கருதத்தக்கது. அதன் ஒன்பதாம் அதிகாரத்தில் மக்கள் கூடி நோன்பிருந்து தம் பாவங்களையும் தம் முன்னோரின் பாவங்களையும் அறிக்கையிடுகின்றனர். அதற்கு முன்னரே, ஐந்தாம் அதிகாரத்தில், கடனுக்காக ஏழைகளின் வயல்களையும் வீடுகளையும் பறித்து அவர்தம் பிள்ளைகளை அடிமைகளாக்கியிருந்த செல்வர்கள், பறித்தவற்றைத் திருப்பிக் கொடுக்க உறுதி கூறுகின்றனர். திருப்பிக் கொடுத்தல் முன்னே வருகிறது. நோன்பு பின்னே வருகிறது.

எசாயாவின் 58ஆம் அதிகாரம் இவை அனைத்துக்கும் மேலான அளவுகோல். நாங்கள் நோன்பிருந்தும் கடவுள் பார்க்கவில்லையே என்று மக்கள் முறையிடுகின்றனர். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்பது இறைவாக்கினர் தரும் விடை. அநீதியின் தளைகளை அவிழ்ப்பதும், நுகத்தை உடைப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவரை இல்லத்தில் ஏற்பதும்தான் கடவுள் விரும்பும் நோன்பு என்று அவர் வரையறுக்கிறார். நுகத்தைச் சுமத்தியவரிடம்தான் அவர் பேசுகிறார். நுகம் சுமப்பவரை நோக்கி, இன்னும் சற்று அதிகமாக நோன்பிருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

தலைவரைத் தேர்ந்தபோது நோன்பிருந்த திருச்சபை

தொடக்கத் திருச்சபையில் நோன்பு மூன்று இடங்களில் முதன்மை பெற்றது. திதாக்கே எனப்படும் மிகப் பழைய கிறித்தவ ஒழுங்குநூல், புதிதாக ஒருவர் திருமுழுக்குப் பெறும் முன் அவரோடு மற்றவர்களும் நோன்பிருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாசின் மேய்ப்பர் என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் வறியோருக்கும் கொடுக்கச் சொல்கிறது. நோன்பினால் மிஞ்சியது நோன்பிருப்பவருக்கு உரியதன்று என்பது அதன் பொருள்.

மூன்றாவது, தலைவர்களைத் தெரிவுசெய்தல். திருத்தூதர் பணிகள் நூலின் 13ஆம் அதிகாரத்தில் அந்தியோக்கியாத் திருச்சபை கூடி நோன்பிருந்து மன்றாடிய பின்னரே பர்னபாவையும் சவுலையும் பணிக்கு அனுப்புகிறது. அத்திருச்சபையின் தலைவர்களாக அந்நூல் பெயரிடுவோரைக் கவனிப்போம். சைப்பிரசைச் சேர்ந்த பர்னபா, கருப்பர் எனப் பொருள்படும் நீகர் என்று அழைக்கப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேன் ஊரைச் சேர்ந்த லூக்கியு, குறுநில மன்னன் ஏரோதுவுடன் வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துச் சவுல். வெவ்வேறு நிலமும் நிலையும் சார்ந்தோர் ஒரே தலைமைக் குழுவில் அமர்ந்திருந்தனர். அடுத்த அதிகாரத்திலும், திருச்சபைதோறும் மூப்பர்களை நியமித்தபோது நோன்பும் மன்றாட்டும் நடந்ததாகக் காண்கிறோம்.

இம்மரபு மேற்கத்தியத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. ஆண்டின் நான்கு பருவங்களிலும் புதன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்கள் நோன்புக்கு ஒதுக்கப்பட்டன. அச்சனிக்கிழமைகளிலேயே குருத்துவ அருள்பொழிவு நிகழ்ந்தது. தமக்குப் பணிபுரிய வருபவருக்காக ஊரே பட்டினி கிடந்தது. யார் தலைவராவது என்பது மக்களின் வயிற்றோடும் வேண்டுதலோடும் தொடர்புடைய செய்தியாக இருந்தது.

இன்று ஆயர்களைத் திருத்தந்தை நியமிக்கிறார். திருச்சபைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி, திருப்பீடத் தூதர் பலரையும் கலந்து பெயர்களைப் பரிந்துரைக்கிறார். அந்தக் கலந்தாய்வு இரகசியமானது. மக்கள் நோன்பிருக்கலாம், ஆனால் எப்பெயர்களுக்காக, எந்த அளவுகோல்களுக்காக என்று அவர்களுக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டில் புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமிக்கப்பட்டபோது தலித் கிறித்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததன் அடிப்படை, ஒரு தனிமனிதர் மீதான வெறுப்பு அன்று. பெரும்பான்மையான மக்கள் எந்தச் சமூகமோ அந்தச் சமூகம் தலைமையில் ஏன் தொடர்ந்து இல்லாமற்போகிறது என்ற கேள்விதான். அதே ஆண்டு ஆகஸ்டு 27 அன்று ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து கர்தினாலான முதல்வர் அவரே. அதனை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். ஆயினும், இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றிய ஒரு திருச்சபையில் அது 2022இல்தான் நிகழ்ந்தது என்பதையும் உடன் குறித்துவைக்கிறோம்.

அண்மைக்கால அழைப்புகள்: அயர்லாந்தும் அதற்குப் பின்னும்

திருச்சபை தன் சொந்தப் பாவத்துக்காக மக்களை நோன்புக்கு அழைத்த நிகழ்வுகள் அண்மைக் காலத்தில் சில உண்டு. அயர்லாந்தில் குருக்கள் சிறாரிடம் நிகழ்த்திய பாலியல் வன்கொடுமைகளும், அவற்றை ஆயர்கள் மறைத்ததும் அரசு விசாரணைகளால் வெளியானபின், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 மார்ச் 19 அன்று அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு மேய்ப்புப்பணி மடல் ஒன்று எழுதினார். 2011ஆம் ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாவரை ஓராண்டுக் காலத்துக்கு, வெள்ளிக்கிழமை ஒறுத்தல்களையும் நோன்பையும் மன்றாட்டையும் அயர்லாந்துத் திருச்சபையின் குணமளித்தலுக்காகவும் புதுப்பித்தலுக்காகவும் ஒப்புக்கொடுக்குமாறு அதில் கேட்டுக்கொண்டார்.

பாதிக்கப்பட்டோர் பலர் இம்மடலால் நிறைவடையவில்லை. குற்றம் புரிந்தவர்கள் குருக்கள், மறைத்தவர்கள் ஆயர்கள் என்றிருக்க, நோன்பு மட்டும் அனைவருக்கும் பொதுவாவது எப்படி என்பதே எழுந்த வினா. திருப்பீடத்தின் சொந்தப் பொறுப்பு பற்றி மடல் பேசவில்லை என்பதையும் அவர்கள் சுட்டினர். 2011 பிப்ரவரியில் டப்ளின் பேராலயத்தில் பேராயர் டயர்மிட் மார்ட்டினும் பாஸ்டனின் கர்தினால் ஷான் ஓமாலியும் பாதிக்கப்பட்டோரின் பாதங்களைக் கழுவினர். பொதுவான அழைப்பு சொல்லாததை அச்செயல் சொல்லிற்று: தவம் செய்ய வேண்டியவர் யார், யார் முன்னிலையில் செய்ய வேண்டும் என்று.

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெருநடுவர் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. ஆறு மறைமாவட்டங்களில் ஏறத்தாழ 70 ஆண்டுகளில் 1,000க்கும் மேற்பட்ட சிறார் பாதிக்கப்பட்டதை அது ஆவணப்படுத்தியது. அதைத் தொடர்ந்து ஆகஸ்டு 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்கள் அனைவருக்கும் மடல் எழுதி, அனைவரும் மன்றாட்டிலும் நோன்பிலும் ஈடுபடுமாறு அழைத்தார். குருக்கள் தம்மை மக்களுக்கு மேற்பட்டவராகக் கருதும் குருத்துவ ஆதிக்க மனப்பான்மையே இக்கொடுமைகளின் வேர் என்று அதில் பெயர்சொல்லிக் கண்டித்தார். அவ்வழைப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. 2019 பிப்ரவரியில் உலக ஆயர் பேரவைகளின் தலைவர்கள் உரோமையில் கூட்டப்பட்டனர். அதே ஆண்டு மே மாதம், இத்தகைய குற்றங்களை அறியும் குருக்களும் துறவியரும் கட்டாயம் புகாரளிக்க வேண்டும், ஆயர்களும் விசாரணைக்கு உட்பட்டவர்களே என்று வகைசெய்யும் சட்டம் வெளியாயிற்று. அதன் போதாமைகள் குறித்த விமர்சனங்கள் தொடர்கின்றன. எனினும், பாவத்தைப் பெயர்சொல்லி அழைத்தல், நோன்பு, பின்னர்ச் சட்டம் என்ற வரிசை அங்கே இருந்தது.

2024 அக்டோபர் 1 அன்று, ஆயர் மாமன்றத்தின் இறுதி அமர்வுக்கு முன்னதாக, புனித பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வழிபாடு நடந்தது. அமைதிக்கு எதிரான பாவங்கள், படைப்புக்கும் பழங்குடியினருக்கும் குடிபெயர்ந்தோருக்கும் எதிரானவை, பாலியல் கொடுமை, பெண்களுக்கும் இளைஞருக்கும் இழைத்த தீங்கு, வறுமை எனப் பல தலைப்புகளில் கர்தினால்கள் மன்னிப்பு வேண்டினர். மன்னிப்புக் கோரியவர்களுள் மும்பையின் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியசும் ஒருவர். சாதி அங்கே ஒரு தலைப்பாக இடம்பெறவில்லை.

ஒப்புக்கொள்ளப்பட்டும் சட்டமாகாத பாவம்

சாதி திருச்சபைக்குத் தெரியாத பாவமன்று. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டின் ஆலயம், வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தைக் காணும்படி இரு சிறகுகளாகக் கட்டப்பட்டது. 1910ஆம் ஆண்டில் அங்கிருந்த சேசு சபைக் குரு தடுப்பை அகற்றினார். தமக்குத் தனியுரிமை உண்டென வேளாளக் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் உடல்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் நாடறிந்தது. மதம் மாறியும் தீண்டாமை விலகாத நிலையை அண்ணல் அம்பேத்கர் மதம் மாறியோர் நிலை பற்றிய தம் எழுத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, சாதி அடிப்படையிலான எந்தப் பிரிவினையும் கிறித்தவ ஒற்றுமைக்கு எதிரானது என்றும், தலித்துகளை எவ்வகையிலும் ஒதுக்கிவைக்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கையை வெளியிட்டது. நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கருள் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்ற கணக்கு அப்போது முன்வைக்கப்பட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதையும் அக்கொள்கை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம்.

ஆனால் கொள்கை வேறு. கட்டுப்படுத்தும் சட்டம் வேறு. பாலியல் குற்றத்தை மறைக்கும் ஆயர் இன்று விசாரணைக்கு உட்படுவார். தம் மறைமாவட்டத்தில் தனிக் கல்லறையையும், தலித் தெருவுக்குள் நுழையாத தேரையும் ஆண்டாண்டாகப் பொறுத்துக்கொள்ளும் ஆயர் எந்த விசாரணைக்கும் உட்படுவதில்லை. இறையூர் மக்கள் கேட்ட தனிப் பங்கை உருவாக்கும் அதிகாரம் சட்டத்தின் 515ஆம் பிரிவின்படி மறைமாவட்ட ஆயருக்கே உரியது. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் மாண்பில் சமமானவர் என்று 208ஆம் பிரிவும், தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க மக்களுக்கு உரிமையும் சில வேளைகளில் கடமையும் உண்டு என்று 212ஆம் பிரிவும் கூறுகின்றன. உண்ணாநிலையில் அமர்ந்தவர்கள் திருச்சபைக்கு எதிராக எதையும் செய்யவில்லை. அதன் சட்டம் தந்த உரிமையையே உடலால் எடுத்துரைத்தனர்.

அரசை நோக்கிய போராட்டத்தில் ஆயர்கள் தலித் கிறித்தவரோடு நின்றதையும் நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். 1950 ஆகஸ்டு 10ஆம் நாளைய குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்க ஆயர் பேரவை ஆண்டுதோறும் அழைக்கிறது. 2013 டிசம்பரில் இதே கோரிக்கைக்காக நாடாளுமன்றம் நோக்கி நடந்த பேரணியில் தில்லிப் பேராயர் அனில் கூட்டோ உள்ளிட்டோர் காவலில் வைக்கப்பட்டனர். அரசின் அநீதிக்கு எதிராக வீதியில் இறங்கும் திருச்சபை, தன் வளாகத்துக்குள் நிலவும் அநீதிக்கு எதிராக அதே உறுதியோடு நிற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

1932இன் நிழலும் பசியின் அனுபவமும்

தலித் மக்களின் நினைவில் உண்ணாநோன்பு ஐயத்துக்கு இடமில்லாத சொல்லன்று. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் வழங்கப்பட்டதை எதிர்த்து 1932 செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தியார் தொடங்கிய நோன்பு, நான்கே நாட்களில் அம்பேத்கரைப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. அந்நோன்பின் சுமை அதிகாரம் உடையோர் மீது விழவில்லை. உரிமையைப் பெற்றிருந்த ஒடுக்கப்பட்டோர் மீதே விழுந்தது. எனவே எந்த நோன்பைப் பற்றியும் நாம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: நோன்பிருப்பவர் யார்? அதன் அழுத்தம் யார் மீது விழுகிறது?

மற்றொன்றும் உண்டு. விரும்பி ஏற்கும் நோன்பும் திணிக்கப்பட்ட பசியும் ஒன்றல்ல. ஒருவேளைக் கஞ்சியோடு வயலுக்குச் சென்ற தலைமுறைகளுக்கு ஒருசந்தி புதிதன்று. 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, வறுமை வாக்குறுதி எடுத்தோர் வசதியோடு வாழ்ந்த துறவு மடத்துக்கும், வாக்குறுதி ஏதுமின்றியே வறுமையில் வாழ்ந்த தம் தெருவுக்கும் இடையிலான தொலைவைத் தமிழ் வாசகர் முன் வைத்தது. பசியை அறிந்தவரிடம், உங்கள் பங்காளிகளின் மனமாற்றத்துக்காக நீங்களும் நோன்பிருங்கள் என்று கேட்பதில் ஒரு கொடுமை உள்ளது.

கொரிந்துத் திருச்சபையில் சிலர் உண்டு குடித்து நிறைந்திருக்க, இல்லாதோர் பசியோடு அமர்ந்திருந்தனர். அத்தகைய கூடுகை ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் கடிந்துகொண்டார். பந்தி சமமாக இல்லாத இடத்தில் நோன்பும் சமமாக இராது.

மெய்யான கூட்டு நோன்பு எப்படி இருக்கும்?

கூட்டு நோன்பை நாம் நிராகரிக்கவில்லை. திருச்சபையின் கையிலுள்ள மிகப் பழைய, மிக எளிய, அதிகாரத்தைக் கீழிறக்கவல்ல கருவி அது. அதை அதன் மூலப்பொருளில் திருப்பிக் கேட்கிறோம். அதற்கு ஐந்து அடையாளங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பாவம் பெயர்சொல்லி அறிக்கையிடப்பட வேண்டும். புதுப்பித்தலுக்காக என்ற பொதுச்சொல் போதாது. இந்தப் பங்கில் இன்ன கல்லறைச் சுவர், இன்ன தேர்ப் பாதை, இன்ன நிர்வாகக் குழுவில் இன்ன புறக்கணிப்பு என்று பீடத்திலிருந்து சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவது, நினிவே அரசனைப்போல் மேலிருப்பவர் முதலில் இறங்க வேண்டும். ஆயரும், குருக்களும், ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கரும் நோன்பைத் தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டோர் விரும்பினால் சாட்சிகளாகக் கலந்துகொள்ளலாம். அவர்கள் மீது அது கடமையாகச் சுமத்தப்படலாகாது.

மூன்றாவது, நெகேமியாவின் வரிசைப்படி, திருப்பிக் கொடுத்தல் நோன்புக்கு முன்னதாகவோ அதனோடோ நிகழ வேண்டும். கல்லறைகள் இணைக்கப்பட வேண்டும். கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கை, பணி நியமனம், குருமடச் சேர்க்கை ஆகியவற்றில் தலித்துகளின் எண்ணிக்கை மறைமாவட்டம்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடப்பட வேண்டும்.

நான்காவது, நோன்பில் மிஞ்சிய பணத்தின் கணக்கு வேண்டும். தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதி, வழக்கு நடத்தும் தலித் குடும்பங்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் செல்கிறது என்பது பங்கு அறிவிப்புப் பலகையில் தெரிய வேண்டும்.

ஐந்தாவது, அந்தியோக்கியாவின் மரபு மீள வேண்டும். ஓர் ஆயர் பதவி காலியாகும்போது மறைமாவட்டம் முழுவதும் நோன்பிருக்கட்டும். அதனோடு, மக்கள் எத்தகைய தலைவரை வேண்டுகின்றனர் என்ற கருத்து வெளிப்படையாகக் கேட்டறியப்பட்டுத் திருப்பீடத் தூதருக்கு அனுப்பப்படட்டும். தலித் மக்களின் பங்கேற்பு அதில் உறுதிசெய்யப்படட்டும்.

இவ்வைந்துக்கும் மேலாக, பாலியல் குற்றங்களுக்கு 2019இல் நிகழ்ந்தது போன்று, சாதியப் பாகுபாட்டை ஆயர்கள் மீதும் பொறுப்புச் சுமத்தும் திருச்சபைச் சட்டமாகத் தடைசெய்வதே இந்தியத் திருச்சபைக்கான புதுப்பித்தலின் முதற்படி என்று கருதுகிறோம். அச்சட்டம் வராதவரை, 2016ஆம் ஆண்டின் கொள்கை ஒவ்வொரு ஆயரின் விருப்பத்தைப் பொறுத்தே உயிர்வாழும்.

அடுத்த தவக்காலத்தில் உங்கள் பங்கில் திருச்சபைப் புதுப்பித்தலுக்கான கூட்டு மன்றாட்டு அறிவிக்கப்படுமானால், அதைத் தயாரிக்கும் குழுவிடம் மாணவத் தோழர்கள் ஒன்றைக் கேட்கலாம்: இந்த ஆண்டு நம் பங்கில் எதை மாற்றப்போகிறோம் என்பதை மன்றாட்டுத் தாளில் எழுதுவோமா? அந்த ஒரு வரி எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று அது நிறைவேறியதா என்று வாசிக்கப்படுமானால், அந்தப் பங்கின் நோன்பு எசாயா கேட்ட நோன்புக்கு ஓரடி நெருங்கியிருக்கும். எழுத மறுக்கப்படுமானால், அம்மறுப்பையும் பதிவுசெய்யுங்கள். இறையூரின் உண்ணாநிலை கேட்ட கேள்விக்கு உரிய பதில் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் எத்தனை பங்குகளில் நிலுவையில் உள்ளது என்பதை அப்பதிவுகளே காட்டும்.